குன்வோர் பரிந்துரைக்கிறார்

செத்துப்போனவர்களை வைத்துப் பிழைப்பு நடத்துகிற நிறுவனம் எங்கள் நாட்டில் தேவாலயம் ஒன்றுதான் என்று ஓஸ்முன் நினைத்திருந்தார். அது எவ்வளவு தப்பு என்று மார்ச் மாதத்தில், ஈஸ்டருக்கு ஆரஞ்சுப்பழம் வாங்கப் போன இடத்தில் அவருக்குத் தெரியவந்தது.

ஸ்குல்விக் சின்ன ஊர். ஒரு பக்கம் கடல், மூன்று பக்கம் மலை. பழக்கடையை ஒட்டினாற்போல 'புத்தகத் துறைமுகம்' என்ற பெரிய நிறுவனத்தின் கிளை. ஈஸ்டர் வந்துவிட்டால் நார்வே ஜனங்களுக்கு ஒரு பித்துப் பிடிக்கும், கையில் ஒரு கொலைக் கதை இல்லாமல் எவரும் மலைக்குடிலுக்குப் போகமாட்டார்கள். ஆண்டவர் சிலுவையில் தொங்கிய வெள்ளிக்கிழமையன்று குடிலின் தெற்குச் சுவரில் சாய்ந்து, வெயில் காய்ந்து, ஆரஞ்சு உரித்துத் தின்றபடி எவன் எவனைக் கொன்றான் என்று படிப்பதுதான் எங்கள் பக்தி. புத்தகக் கடையின் கண்ணாடி ஜன்னல் முழுக்க மஞ்சள் காகிதம் ஒட்டித் துப்பறியும் நாவல்களை அடுக்கியிருந்தார்கள். நடுவில் ஓர் அட்டை.

"குன்வோர் பரிந்துரைக்கிறார்! 'பனிக்கடியில் ஒரு கை.' மூச்சு விடாமல் படித்தேன். கடைசிப் பக்கத்தில் உறைந்தே போனேன்!" அதற்குக் கீழே மூன்று இதயங்கள்.

குன்வோர் ஓஸ்முனின் மனைவி. அந்தக் கடையில் காலமெல்லாம் புத்தகம் விற்றவள். போன நவம்பரில் செத்துவிட்டாள்.

ஓஸ்முன் முகத்தைக் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்தார். எழுத்து அவளுடையதுதான். சந்தேகமே இல்லை. வரி முடியும்போது சரிந்து கீழே இறங்குகிற அதே கோணல். ஆரஞ்சுப் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

கடையின் பொறுப்பாளர் ராக்னில் அவரைக் கண்டதும் பெட்டி பிரிப்பதில் மும்முரமானாள்.

"ராக்னில், அந்த அட்டையை யாரு எழுதினது?"

"குன்வோர்தான்."

"அவ செத்துப்போயிட்டாளே."

"அது எனக்குத் தெரியாதா ஓஸ்முன்? சவப்பெட்டியைத் தூக்கினதுல நானும் ஒருத்தி. ஓஸ்லோல தலைமை அலுவலகத்துலதான்... அவங்களுக்கும் தெரியும், ஆனா அவங்க கணக்கே வேற. இவ எழுதின பழைய அட்டையெல்லாம் வாங்கிட்டுப் போனாங்க. கம்ப்யூட்டருக்கு அவ கையெழுத்தைப் பழக்கிட்டாங்களாம். இப்ப நாடு முழுக்க எல்லாக் கிளையிலயும் குன்வோர்தான் பரிந்துரைக்கிறா. அவளை மாதிரி யாரும் விக்கலையாம்."

செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்பார்கள். குன்வோர் செத்தும் விற்றாள்.

"அந்த அட்டையைக் கழட்டு" என்று ஓஸ்முன் சொல்லி வாய் மூடவில்லை, கூரை ஒலிபெருக்கியில் கரகரவென்று ஒரு சத்தம். "மலைக்குப் போறீங்களா? நான் குன்வோர். போறப்ப ஒரு நல்ல கொலையை எடுத்துட்டுப் போங்க!"

ஆரஞ்சுப் பை கீழே விழுந்து பழங்கள் சமையல் புத்தகங்களுக்கு அடியில் உருண்டு ஓடின. ராக்னில் குனிந்து பொறுக்க ஆரம்பித்தாள். தலை நிமிராமலே, "வட்டார வானொலியில பேசினாளே, அதுலேர்ந்து எடுத்துட்டாங்க" என்றாள்.

நியாயமாகப் பார்த்தால் ஓஸ்முன் கத்தியிருக்க வேண்டும். கடையை இரண்டாக்கியிருக்க வேண்டும். ஆனால் மனுஷன் கையைப் பிசைந்துகொண்டு அங்கேயே நின்றார். ஒலிபெருக்கி மறுபடி எப்போது பேசும் என்று காத்திருந்தார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். சாவு விழுந்த வீட்டில் எத்தனை சத்தம் காணாமல் போகிறது என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். நாம் யார் அவரைக் குறை சொல்ல?

இங்கே குன்வோரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். உயிரோடு இருந்த குன்வோர் புத்தகத்தைப் பரிந்துரைத்ததைவிடப் பிடுங்கியதுதான் அதிகம். "இது உனக்கு வேணாம், தூக்கம் கெட்டுடும்" என்று பாதிரியார் கையிலிருந்து பேய்க்கதையைப் பிடுங்கிப் பாகற்காய் முகத்தோடு ஒரு கவிதைப் புத்தகத்தைத் திணிப்பாள். மீன்பண்ணை முதலாளி பங்குச்சந்தைப் புத்தகம் கேட்டால், "உனக்கு இருக்கிற பணம் போதும், இதைப் படி" என்று காதல் நாவலைக் கொடுப்பாள். திட்டிக்கொண்டே வாங்கிப் போவார்கள். அடுத்த மாதம் வந்து, அதே மாதிரி இன்னொன்று இருக்கிறதா என்று காதோடு கேட்பார்கள்.

கொலைக் கதையில் மட்டும் அவளுக்கு ஒரு விரதம். கடைசி அத்தியாயத்தைப் படிக்கமாட்டாள். "கொலைகாரன் யாருன்னு எனக்குத் தெரிஞ்சா, புத்தகம் வாங்க வர்றவங்க என் மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடிச்சிடுவாங்க. தெரியாமயே விக்கறதுதான் தர்மம்" என்பாள். கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் ஒரு சாக்லேட் காகிதத்தைச் செருகி மூடி வைத்துவிடுவாள். ஈஸ்டர் லீவில், விற்க வேண்டியதெல்லாம் விற்று முடிந்தபின், மலைக்குடிலில் அதை ஓஸ்முன் அவளுக்கு உரக்க வாசிக்க வேண்டும். அவள் ஆரஞ்சு உரிப்பாள். கொலைகாரனின் பெயர் வந்ததும், "எனக்கு அப்பவே தெரியும்!" என்பாள். "தெரியாதுடி உனக்கு, சும்மா சொல்லாதே" என்பார் இவர். அவள் சிரித்துக்கொண்டே ஒரு சுளையை அவர் வாயில் திணிப்பாள். கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து இதுதான் வழக்கம்.

ஓஸ்முன் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர். புத்தகம் படிக்கிற ஆள் இல்லை. அவர் வாசித்ததெல்லாம் கடைசி அத்தியாயங்கள் மட்டும்தான். அதனால் அவருக்கு ஏகப்பட்ட கொலைகாரர்களைத் தெரியும். செத்தவர்களில் ஒருவரைக்கூடத் தெரியாது.

'பனிக்கடியில் ஒரு கை' கடைக்காரர்களுக்கு மட்டும் முன்கூட்டியே அக்டோபரில் வந்தது. குன்வோர் படித்து, கடைசி அத்தியாயத்தில் சாக்லேட் காகிதத்தைச் செருகி, "மிச்சம் ஈஸ்டருக்கு" என்று சொல்லி வைத்தாள். நவம்பரில் போய்விட்டாள். புத்தகம் அலமாரியில் அப்படியே இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு தனியாக மலைக்குப் போய், சொன்னபடி வாசித்துவிட்டு வருவது என்றுதான் ஓஸ்முன் ஆரஞ்சே வாங்கப் போனார். இப்போது பார்த்தால் அவள் கடைசிப் பக்கத்தில் உறைந்துபோனாளாம்!

முதலில் கோபம்தான் வந்தது. நாள் போகப் போக வேறொன்று வந்தது, அதுதான் கொடுமை. தினம் அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டு, ஒருவேளை படித்துத்தான் விட்டாளோ, எனக்குத் தெரியாமல் அக்டோபரிலேயே முடிவைப் பார்த்துவிட்டாளோ என்று சந்தேகம் தட்ட ஆரம்பித்தது. கண்ணை மூடி அவள் பேச்சை நினைத்தால் ஒலிபெருக்கிதான் பேசுகிறது. பழைய குன்வோரைக் காணோம்.

அட்டைகளோ பெருகிக்கொண்டே போயின. உருளைக்கிழங்கைக்கூடக் கருக்கிவிடும் குன்வோர், காய்கறிகளைப் புளிக்கவைப்பது எப்படி என்ற நூலைப் பரிந்துரைத்தாள். நாயைக் கண்டால் தும்மல் போடுகிறவள், 'உன் நாய், உன் குரு'வைப் படித்துக் கண்ணீர் விட்டாள். இளைக்கும் முறை, தூண்டில் போடும் கலை, ராஜ வம்சத்து வரலாறு, விண்வெளிக் கதை, எல்லாவற்றுக்கும் மூன்று இதயம். ஊர்க்காரர்களும் சும்மா இல்லை. வழியில் பார்த்தால், "ஓஸ்முன், அந்த நாய்ப் புத்தகம் பிரமாதம்னு குன்வோர்கிட்ட சொல்லு" என்பார்கள். சொல்லிவிட்டு இரண்டடி நடந்தபின்தான் சிலர் நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். பலர் அதுவும் இல்லை.

ஒருநாள் பக்கத்து வீட்டு தோர்பியோர்க் ஒரு பொட்டலத்தோடு வந்து நின்றாள். குன்வோருடைய நாற்பது வருஷத் தோழி. கொலைக் கதைப் பைத்தியம்.

"தப்பா எடுத்துக்காதே ஓஸ்முன். உனக்குன்னு பார்த்து வாங்கினேன். அவளே பரிந்துரைச்சிருக்கா."

பிரித்தார். 'துணை போன பிறகு: தனிமையில் நடக்கும் வழி.' மேலே அட்டை: "குன்வோர் பரிந்துரைக்கிறார்! இதைப் படித்த பிறகுதான் துக்கம் என்றால் என்ன என்று எனக்கே புரிந்தது. மனைவியை இழந்த ஒவ்வொரு கணவரும் படிக்க வேண்டும்!"

ஓஸ்முன் அதைப் படித்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். மறுநாள் காலை ரயிலில் ஓஸ்லோவுக்குக் கிளம்பிவிட்டார்.

தலைமை அலுவலகம் முழுக்கக் கண்ணாடி. வரவேற்பில் இருந்த பெண் சிரித்தாள். "யாரைப் பார்க்கணும்?"

"என் மனைவி விஷயமா வந்திருக்கேன். குன்வோர். ஸ்குல்விக்."

"ஐயோ, எங்க குன்வோரா! அவங்க இன்னைக்கு உள்ளே இல்லையே."

"தெரியும்" என்றார் ஓஸ்முன்.

பரிந்துரைத் துறை இயக்குநர் வாசல்வரை ஓடிவந்து இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நாற்பது வயது, கழுத்தில் பட்டுத்துணி. "ஹென்னிங்னே கூப்பிடுங்க. நம்ம நிறுவனம் ஒரு குடும்பம்." அவரோடு விபெக்கே என்ற பெண். குரல் தொடர்ச்சிப் பிரிவின் தலைவியாம். காபி வந்தது. இலவங்கப்பட்டை ரொட்டி வந்தது.

"அவ செத்துட்டா. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்" என்றார் ஓஸ்முன்.

ஹென்னிங் முகத்தில் உண்மையான பரிவு தெரிந்தது. அதுதான் இவர்களிடம் இருக்கும் பயங்கரம். "அந்த வார்த்தையை நாங்க பயன்படுத்தறதில்லை ஓஸ்முன். 'முழுமை அடைஞ்ச பரிந்துரையாளர்'னு சொல்றோம். பாருங்க, உயிரோட இருக்கிற பரிந்துரையாளருக்கு லீவு வேணும், முதுகுவலி வரும், சம்பளம் பத்தலைன்னு சங்கத்துக்குப் போவாங்க. எல்லாத்தையும் சமாளிச்சிடலாம். ஆனா சில புத்தகம் அவங்களுக்குப் பிடிக்காமப் போயிடுது. அதை என்ன பண்றது சொல்லுங்க? குன்வோருக்கு நவம்பர்லேர்ந்து பிடிக்காத புத்தகமே கிடையாது. அப்படி ஒரு பக்குவம்!"

"முன்னாடி அவளுக்குப் பாதிப் புத்தகம் பிடிக்காது."

"பார்த்தோம், பார்த்தோம். பழைய அட்டைகள்ல இருந்துச்சு. நீக்கிட்டோம்" என்றாள் விபெக்கே ஆறுதலாக. "உங்களுக்கு நாங்க ஒரு பரிசு வச்சிருக்கோம்."

மேஜைமேல் உள்ளங்கை அளவுக்கு ஒரு சின்னப் பெட்டியை வைத்தாள். பொத்தானை அமுக்கினாள். "காலை வணக்கம் ஓஸ்முன்" என்றாள் குன்வோர். "மாத்திரை போட்டாச்சா?"

ஓஸ்முன் கோப்பையைக் கீழே வைத்தார். பொய் என்று தெரியும். ஆனாலும் "போட்டாச்சு" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. சாப்பிடறப்ப பேசுவாங்க, மலைக்கும் கொண்டு போகலாம்" என்றாள் விபெக்கே. பேனாவைத் திறந்துகொண்டாள். "ஒரே ஒரு குறை. வானொலியில பேசினது எல்லாம் கொஞ்சம் மரியாதையான பேச்சு. வீட்டுக்குள்ள மட்டும் வழக்கமா சொல்ற வாக்கியம் ஏதாவது இருக்குமே? உங்ககிட்ட மட்டும் சொல்றது? ஒண்ணு போதும், அதை வச்சு மத்ததை நாங்களே பிடிச்சிடுவோம்."

இருந்தது. நாக்கின் நுனி வரை வந்தும் விட்டது. எனக்கு அப்பவே தெரியும். அதை மட்டும் கொடுத்துவிட்டால் போதும், வெள்ளிக்கிழமை குடிலில் கொலைகாரனின் பெயரை வாசித்ததும் பதிலுக்கு அவள் குரல் வரும். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் ஓஸ்முனுக்கு இந்த உலகத்தில் வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம் போலிருந்தது.

அப்போது விபெக்கேயின் பேனா காகிதத்தில் ஒரு சின்ன இதயம் வரைந்து பார்த்தது. மை வருகிறதா என்று பார்த்தாளோ என்னவோ. ஓஸ்முன் அந்த வாக்கியத்தை அப்படியே விழுங்கினார்.

"அந்த அட்டை பொய்" என்றார். "கடைசிப் பக்கத்துல உறைஞ்சுபோனதா எழுதியிருக்கீங்க. என் பொண்டாட்டி எந்தக் கொலைக் கதையிலயும் கடைசி அத்தியாயத்தைப் படிச்சதே இல்லை. எல்லாம் நான் வாசிச்சுச் சொன்னதுதான்."

ஹென்னிங் ரொட்டியை வாயிலிருந்து எடுத்தார். "படிச்சதே... இல்லையா?"

"இல்லை."

"பரிந்துரைச்சிட்டு இருந்தப்பவா?"

"ஆமா. முடிவு தெரிஞ்சா மூஞ்சி காட்டிக்கொடுத்துடும்னு..."

"இது ரொம்பப் பெரிய குற்றம் ஓஸ்முன்!" ஹென்னிங் எழுந்துவிட்டார். கழுத்துத் துணி அவிழ்ந்து தொங்கியது. "முழுசாப் படிக்காம பரிந்துரைக்கிறதா? வாசகர் நம்பிக்கைங்கறது எவ்வளவு புனிதமானது! செத்தவங்க பரிந்துரைக்கலாம், அதுல தப்பே இல்லை. படிக்காதவங்க பரிந்துரைக்கக் கூடாது!"

"நவம்பருக்கு அப்புறம் வந்த புத்தகம் எதையுமே அவ படிக்கலையே" என்றார் ஓஸ்முன். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

"அது தொழில்நுட்பம்! இது நேர்மை!"

அரை மணி நேரத்தில் நெறிமுறைக் குழு கூடிவிட்டது. ஏழெட்டுப் பேர், எல்லோர் கையிலும் தண்ணீர் பாட்டில். தலைவர் நரைத்த தாடிக்காரர், தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நண்பர்களே, இன்று நம் குடும்பத்துக்கு ஓர் இழப்பு. படிக்கப்படாமல் போன அத்தனை கடைசி அத்தியாயங்களுக்காகவும் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம் காப்போம்."

எல்லோரும் எழுந்து தலை குனிந்தார்கள். ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். குன்வோர் செத்தபோது இந்தக் கட்டடத்திலிருந்து ஒரு பூங்கொத்துகூட வந்திருக்கவில்லை. ஓஸ்முனும் எழுந்து நின்றார், வேறென்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

குன்வோரை உடனடியாகப் பணிநீக்கம் செய்து தீர்மானம் போட்டார்கள். அவள் தரப்பு விளக்கத்தைக் கேட்டுக் கடிதம் போகும், பதில் வராவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளப்படும். பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். வாசலில் ஹென்னிங் மட்டும் ஒரு யோசனையோடு அவரைப் பார்த்தார். "முடிவெல்லாம் நீங்கதான் படிச்சிருக்கீங்க இல்ல? பாதித் தகுதி உங்களுக்கு இருக்கு. ஆனா..." மேலும் கீழும் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "உயிரோட இருக்கீங்களே."

ஓஸ்முன் ஊர் வந்து சேர்வதற்குள் ஸ்குல்விக் கடையில் அட்டைகள் இறங்கிவிட்டன. ஒலிபெருக்கி ஊமையாகிவிட்டது. அவர் கேட்டது கிடைத்துவிட்டது. இனி அந்தக் குரல் எங்கேயும் கேட்காது. உள்ளே கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். மூலையில் இருந்த குளிர்பானப் பெட்டி இரைகிற சத்தம் மட்டும்தான். ராக்னில் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மாவட்டப் பத்திரிகையில் வந்துவிட்டது: 'முடிவைப் படிக்காத பரிந்துரையாளர் நீக்கம்.' பாதிரியார் வழியில் பார்த்தும் பார்க்காததுபோல் போனார். செத்துப்போன பெண்டாட்டியின் பெயரைக் கட்டின புருஷனே கெடுத்துவிட்டானாம். அவளைக் காப்பாற்றப் போய் இப்படி நடுத்தெருவில் நிறுத்திவிட்டோமே என்று ஓஸ்முன் ராத்திரி முழுக்கப் புரண்டார்.

மறுநாள் காலை தோர்பியோர்க் கதவை உடைக்காத குறையாகத் தட்டினாள். கையில் பத்திரிகை.

"இது நிஜமா? அவ முடிவைப் படிச்சதே இல்லையா?"

"இல்லை" என்றார் ஓஸ்முன், திட்டு வாங்கத் தயாராக.

"அடிப்பாவி!" தோர்பியோர்க் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். "ஒவ்வொரு ஈஸ்டருக்கும் அவ மூஞ்சியையே உத்து உத்துப் பார்ப்பேன். சமையல்காரனான்னு கேட்பேன், டாக்டரான்னு கேட்பேன். கல்லு மாதிரி நிப்பா. என்னா வைராக்கியம், என்னா அழுத்தம்னு நினைச்சுட்டிருந்தேன். அவளுக்கே தெரியாதா! கடங்காரி!" சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, அது பிறகு சிரிப்பாக இல்லை. ஓஸ்முன் அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்தார். நவம்பருக்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் நிஜக் குன்வோரைப் பற்றி அவ்வளவு நேரம் பேசியதில்லை.

பெரிய வெள்ளிக்கிழமை நல்ல வெயில். ஓஸ்முன் பனிச்சறுக்கில் குடிலுக்குப் போய்ச் சேர்ந்து, அடுப்பு மூட்டி, தெற்குச் சுவரோரம் கலைமான் தோலை விரித்தார். பழக்க தோஷத்தில் இரண்டு தோல். குடுவையிலிருந்து காபியையும் இரண்டு கோப்பையில்தான் ஊற்றினார். ஊற்றியபின் என்ன செய்ய, இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

சாக்லேட் காகிதம் இருந்த இடத்தில் புத்தகத்தைத் திறந்து, தொண்டையைச் செருமி, உரக்க வாசிக்க ஆரம்பித்தார். எவளோ ஒரு துப்பறியும் அதிகாரி எல்லோரையும் ஒரு படகுக் கொட்டகையில் கூட்டி வைத்திருந்தாள். எப்போதும்போல செத்தது யார் என்று ஓஸ்முனுக்குத் தெரியவில்லை. ஆனால் செத்தவர்களில் ஒருத்தியையாவது தெரிந்துவைத்துக்கொண்டு அவர் வாசித்த முதல் ஈஸ்டர் இது. இடையில் நிறுத்தி ஓர் ஆரஞ்சை உரித்தார். அவருக்கு அது சரியாக வராது, சாறு புத்தகத்தில் சொட்டியது. துடைத்துவிட்டு மேலே வாசித்தார்.

"அதிகாரி திரும்பினாள். 'கை உறையைக் கழட்டுங்க' என்றாள். கூட்டத்தில் ஒரே ஓர் ஆள் மட்டும் அசையவில்லை. கலங்கரை விளக்கக் காவலர்."

ஓஸ்முன் நிறுத்தினார். எப்போதும் நிறுத்துகிற இடம் இதுதான். கூரை விளிம்பிலிருந்து உருகின பனி சொட்டியது. பக்கத்துத் தோலில் வெயில் விழுந்திருந்தது. அந்தக் கோப்பையில் ஆவி அடங்கிவிட்டது. அவர் காத்திருந்தார். ஒலிபெருக்கி இல்லை, பெட்டி இல்லை. மலை முழுக்க ஒரு சத்தமும் இல்லை.

வேண்டிய நேரம் கொடுத்தபிறகு, பக்கத்தில் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"தெரியாதுடி உனக்கு. சும்மா சொல்லாதே."